பழவேற்காடா, சூலூர்ப்பேட்டையா? மார்கழியில் குடும்பத்தோடு படமெடுக்க

தடா, ஆரம்பாக்கம் பக்கம் இருப்பவர்களுக்குப் பழவேற்காடு ஏரி ஒன்றுதான், வழிதான் இரண்டு. தெற்கே பொன்னேரி சுற்றிப் பழவேற்காட்டுப் படகுத்துறைக்குப் போகலாம். வடக்கே ஆந்திரத்துச் சூலூர்ப்பேட்டை போய், ஏரியை ஊடறுத்துச் செல்லும் ஸ்ரீஹரிகோட்டா சாலையில் வண்டியை ஓட்டலாம். எந்தப் பக்கம் போவது என்பதை, வீட்டில் யார் கையில் என்ன கேமரா இருக்கிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

பூநாரைதான் (ஃபிளமிங்கோ) வேண்டும் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஆந்திரப் பக்கம்தான். வடகிழக்குப் பருவமழை முடிந்து தண்ணீர் கொஞ்சம் வடிந்ததும், முழங்காலளவு நீரில் தலையைக் கவிழ்த்து அலகால் சேற்று நீரை அலசி மேயும். வெளிச்சமும் நமக்குச் சாதகம். சாலை மேற்கிலிருந்து கிழக்கே போகிறது, மார்கழிச் சூரியனோ தெற்கே சாய்ந்தே நகர்கிறது. அதனால் சாலைக்கு வடக்கே நிற்கும் பறவைகள்மேல் நாள் முழுக்க முன்வெளிச்சம் விழும். தெற்கே பார்த்தால் நிழலுருவம்தான் கிடைக்கும், அதுவும் விடியலில் நன்றாகவே இருக்கும். ஆனால் பூநாரைகள் தூரத்தில் நிற்பவை. 400 மி.மீ. லென்ஸ் இருப்பவருக்குப் படம் கிடைக்கும், போன் வைத்திருக்கும் மற்ற எல்லோருக்கும் வெள்ளைப் புள்ளிதான். பாட்டியும் குழந்தைகளும் நிழலில்லாத சாலையில் எத்தனை நேரம் நிற்பார்கள்? ஏவுதள வாசல் நெருங்கினால் கேமராவை உள்ளே வைத்துவிட வேண்டும்.

அதனால் குடும்பமாகப் போனால் நான் பழவேற்காட்டையே சொல்வேன். அங்கே கையில் போன் இருந்தாலே போதும். பனி விலகும் நேரத்தில் படகுகள் கரை சேரும், வலை உதறுவார்கள், நண்டும் இறாலும் கூடைக்கு வரும். மனிதர்கள் வேலை செய்யும் இடம் அது, அதனால் நம் பிள்ளைகளை நிறுத்தி எடுத்தாலும் பின்னால் ஒரு கதை இருக்கும். "அக்கா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு எடுங்கள், முகமே மாறும். டச்சுக்காரர்கள் 1613-ல் கெல்டிரியா கோட்டை கட்டிய ஊர் இது. கோட்டையில் பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை. கல்லறைத் தோட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது, வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்களோடு. காலையில் வெயில் சாய்வாக விழும்போது கல்லெழுத்துகள் புடைத்துத் தெரியும். பிள்ளைகளைக் கல்லறைமேல் ஏறவிடாதீர்கள்.

ஏ.சி. காரிலிருந்து கேமராவை எடுத்ததும் லென்ஸ் வியர்த்துப்போகும். ஊர் வருவதற்குக் கொஞ்சம் முன்பே ஜன்னலைத் திறந்துவிட்டால் சரியாகிவிடும்.

பழவேற்காட்டில் ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. யார் கூப்பிட்டாலும் உயிர்காப்பு உடை இல்லாத படகில் ஏறாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று இந்த ஏரியில் படகு கவிழ்ந்து, குடும்பமாக வந்தவர்கள் இருபதுக்கும் மேல் இறந்தார்கள். கரையிலிருந்தே வேண்டிய படமெல்லாம் கிடைக்கும்.

வீட்டில் ஒருவர் பறவைதான் வேண்டும் என்று அடம்பிடித்தால், சூலூர்ப்பேட்டைக்கு வடக்கே நேலப்பட்டு பறவைகள் சரணாலயத்துக்குப் போங்கள். கூழைக்கடாக்களும் நத்தைக்குத்தி நாரைகளும் தண்ணீரில் நிற்கும் மரங்களில் கூடு கட்டியிருக்கும். பூநாரையைவிடப் பக்கம், மேலே ஏறிப் பார்க்கக் கோபுரமும் உண்டு. அங்கே குஞ்சுகளுக்கு இரை ஊட்டுவதைப் பார்த்தால், போன் வைத்திருக்கும் பிள்ளைகளும் சலிக்காமல் நிற்பார்கள்.