நகை அடகா, பி.எஃப். பணமா?
2020 ஜூனில் எனக்கு வேலை போனது. கைவசம் இருந்தவை இரண்டுதான்: மனைவியின் நாலு பவுன் சங்கிலி, சம்பளத்தில் பிடித்துச் சேர்ந்த ஒன்பது வருட பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி).

நகைக்கடன் சீக்கிரம் கிடைத்துவிடும். மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்த்துப் பார்த்து, கல் எடையைக் கழித்து, தொகையைச் சொல்லிவிடுவார். அந்த ஆகஸ்டில் வங்கி நகைக்கடன் வரம்பை ரிசர்வ் வங்கி நகை மதிப்பில் 75-லிருந்து 90 சதவீதமாக உயர்த்தியது. கூடுதலாகக் கிடைக்கிறதே என்று ஆசை வரும். சரி, சம்பளமே இல்லாத வீட்டில் வட்டியை யார் கட்டுவது? கட்டாமல் விட்டால் நகை ஏலத்துக்குப் போகும். அந்தப் பயத்தில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

பி.எஃப். நம் சொந்தப் பணம். அன்றைய விதிப்படி, ஒரு மாதம் வேலையில்லாமல் இருந்தால் இருப்பில் 75 சதவீதம் வரை எடுக்கலாம், கணக்கும் தொடரும். திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. 2019-20க்கு 8.5 சதவீத வட்டி தந்த சேமிப்பு கரைவதுதான் வலி. ஆனால் பி.எஃப்.போடு தனியாகச் சேரும் பென்ஷன் பணத்தைத் தொடாதீர்கள். பென்ஷனுக்குப் பத்து வருட சர்வீஸ் வேண்டும், எடுத்தால் சேர்ந்த வருடங்கள் போய்விடும்.

நான் பி.எஃப்.பையே எடுத்தேன், அதுவும் நாலு மாத வாடகைக்கும் மளிகைக்கும் மட்டும். சங்கிலி பீரோவிலேயே இருந்தது.