வேலூரில் பழைய நாணயம் வாங்குவோர் கவனத்திற்கு: ‘ஆற்காட்டு வீட்டுச் சுவரில் கிடைத்தது’ என்ற கதையை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்

வேலூர் கோட்டைக்கு அருகே சாலையோரம் துணி விரித்துப் பழைய நாணயங்கள் விற்கும் ஒருவர், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் தங்கை மகனுக்கு இரண்டு போலி நாணயங்களை விற்றுவிட்டார். அவன் உண்டியலில் சேர்த்த பணம் அது. புதிதாக நாணயம் சேர்க்கத் தொடங்கும் வேறு எந்தப் பிள்ளையும் அவரிடம் அகப்படக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

“ஆற்காட்டுல பழைய வீட்டை இடிச்சப்போ சுவத்துக்குள்ள பானையோட கெடச்சது சார். வெளியில மூவாயிரத்துக்குக் கொறையாது. தம்பி ஆசைப்படறாரேன்னு அறுநூறுக்குத் தரேன்” என்று சொல்லி, 1862ஆம் ஆண்டிட்ட விக்டோரியா வெள்ளி ரூபாய் ஒன்றைக் கொடுத்தார். கூடவே, ராமர் பட்டாபிஷேகமும் 1818 என்ற ஆண்டும் பொறித்த செப்புக் காசு ஒன்றை ‘கம்பெனி அரை அணா, நவாப் காலத்தது’ என்று தலையில் கட்டினார்.

லாங் பஜாரில் தெரிந்த நகைக்கடைக்காரரின் தராசில் வைத்தபோது ரூபாய் நாணயம் ஒன்பது கிராமைச் சற்றே தாண்டியது. உண்மையான விக்டோரியா ரூபாயின் எடை 11.66 கிராம், தேய்ந்த நாணயத்தில் சிறிது குறையலாமே தவிர, இரண்டு கிராமுக்கு மேல் குறையாது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் அரசியின் கன்னமெங்கும் ஊசி குத்தியது போன்ற நுண்துளைகள் தெரிந்தன. விளிம்பைச் சுற்றி, அரத்தால் தேய்த்து மறைக்க முயன்ற ஓர் ஒட்டுக்கோடும் இருந்தது. இவை அச்சில் அடித்த நாணயத்தில் வருவதில்லை. உருக்கி வார்த்ததில்தான் வரும். காந்தத்தில் ஒட்டவில்லை என்று அந்தச் சாலையோர வியாபாரி காட்டியது எதையும் நிரூபிக்காது, ஏனெனில் பித்தளையும் ஈயமும் கூடக் காந்தத்தில் ஒட்டுவதில்லை.

விலையே காட்டிக்கொடுத்திருக்க வேண்டிய விஷயம் இது. அந்த ரூபாயில் 91.7 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 10.7 கிராம் சுத்த வெள்ளி உண்டு. அன்றைய வெள்ளி விலையை விடக் குறைவாக அதை எவரும் உண்மையில் விற்கமாட்டார். அரிய நாணயம் என்பதும் பொய். 1862 என்ற ஆண்டையே மாற்றாமல் 1874 வரை ஏராளமாக அச்சடித்தார்கள்.

ராமர் காசைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் அடித்த வராகன் என்ற தங்க நாணயத்தில் திருமால் உருவம் உண்டு. அதனால் ராமர் காசும் இருந்திருக்கும் என்று நம்பத் தோன்றுகிறது. ஆனால் ராமரையோ அனுமாரையோ பொறித்த அணாக் காசைக் கம்பெனி வெளியிட்டதே இல்லை. சென்னை மாகாணத்துக்கு வந்த 1803, 1808ஆம் ஆண்டுச் செப்பு நாணயங்கள் பத்து காசு, இருபது காசு என்ற கணக்கிலேயே இருந்தன. கால் அணா, ஒரு ரூபாய் என்ற பொது நாணய முறை 1835இல்தான் வந்தது.

குறைந்த விலையில் தொடங்க விரும்புவோர், பில் கொடுக்கும் வியாபாரியிடம் 1835ஆம் ஆண்டுக் கால் அணாவையோ, இன்றும் தாராளமாகக் கிடைக்கும் ராஜராஜன் செப்புக் காசையோ வாங்கலாம். புளி போட்டுத் தேய்த்துப் பளபளக்க வைத்த செப்புக் காசை மட்டும் தொடாதீர்கள். காலத்தால் படிந்த நிறம் போனால் நாணயத்தின் மதிப்பும் போய்விடும். வாங்குவதற்கு முன் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பானைக் கதை உண்மையாகவே இருந்தாலும் விலகிவிடுவதே நல்லது. மண்ணிலோ சுவரிலோ பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் சொல்கிறது. திருப்பிக் கொடுக்கப் போனபோது அவரிடம் இதைச் சொன்னேன். “பழைய சாமானைத் திருப்பி வாங்கற பழக்கம் கெடையாது சார்” என்று கூறித் துணியைச் சுருட்டிக்கொண்டு நடந்துவிட்டார். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே கதையோடு, அதே போன்ற 1862 ரூபாய்கள் நாலைந்தைப் பரப்பி வைத்துக்கொண்டு காட்பாடியில் உட்கார்ந்திருந்தார்.