காய்ச்சலுக்குக் காவல் இருந்த இரவு

டொரொண்டோவுக்குப் போய் 22 வருசம். இந்த முறை இலங்கையில், ஊரில் நின்ற மூன்று கிழமையில் கோயில், கலியாண வீடு, காணி அலுவல் எல்லாம் ஒரு குறையும் இல்லாமல் முடிந்தன. ஆகவே அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. நான் சொல்ல வந்தது ஒரு தேர்மாமீட்டரின் கதை.

என் பெறாமகளுக்குக் கர்ப்பத்தின் 17ஆவது கிழமை. இரவு பத்து மணி போல பன்னீர்க்குடம் உடைந்துவிட்டது. வாளி, பிளாஸ்க், விரிப்பு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு அரச ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். உடனேயே கட்டில் கொடுத்தார்கள். ஸ்காபரோவில் அவசரப் பிரிவுக் கதிரையில் ஆறு மணித்தியாலம் குந்தியிருந்தவள் நான். மனம் குளிர்ந்துதான் போனது, ஸ்கான் முடியும் வரைக்கும்.

"தண்ணி முழுக்கப் போயிட்டுது அம்மா. பிள்ளை தங்காது. ஆனா துடிப்பு இருக்கு" என்றார் இளம் டொக்டர்.

அந்த 'ஆனா'வில்தான் விடியும்வரை தொங்கினோம். கருக்கலைப்பைக் குற்றமாக்குவது இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவு, வெள்ளைக்காரன் 1883இல் எழுதியது. தாயின் உயிரைக் காப்பாற்ற நல்லெண்ணத்தோடு செய்தால் மட்டும் குற்றமில்லை. மற்றபடி செய்தவருக்கும், தானே செய்துகொண்ட பெண்ணுக்கும் மறியல்தான். 1995இலும் 2017இலும் அதைத் தளர்த்தப் பார்த்தார்கள், கரை சேரவில்லை. சேர்ந்திருந்தாலும் வல்லுறவு, சிசுவின் பாரிய குறைபாடு போன்றவற்றுக்குத்தான் வழி திறந்திருக்கும். எங்கள் பெறாமகளின் கேள்வி வேறு: உயிருக்கு ஆபத்து என்று எப்போது சொல்லலாம்?

அதற்குப் பதில் தேர்மாமீட்டரில் இருந்தது: காய்ச்சல் வந்தால் கிருமி பிடித்துவிட்டது, தாயின் உயிருக்கு ஆபத்து என்று அர்த்தம். மணிக்கொருக்கா நேர்ஸ் வந்து கக்கத்தில் வைப்பார், 'கீச்' என்று கத்தும், அட்டையில் எழுதுவார். 98.8. பிறகு 99.2. நாலு மணிக்கு 99.4. "கூடினால் பெரிய டொக்டருக்கு அறிவிப்பம்" என்றார்.

"அப்ப காய்ச்சல் வரட்டும் எண்டோ காவல் இருக்கிறியள்?" என்று கேட்டுவிட்டேன். குரல் கொஞ்சம் கூடித்தான் போனது. அந்த நேர்ஸ் பிள்ளை பதில் சொல்லாமல் தேர்மாமீட்டரைப் பஞ்சால் துடைத்தது, தேவைக்கு மேலே துடைத்தது.

எனக்கு ஓடியது அயர்லாந்தில் நடந்த கதை. 2012 ஒக்ரோபர், கோல்வே, சவிதா ஹலப்பனவர். இந்தியாவில் இருந்து போன பல் டொக்டர், 31 வயது. அவருக்கும் 17 கிழமைதான். துடிப்பு இருக்கிறது என்று கருவைக் கலைக்க மறுத்தார்கள். கிருமி இரத்தத்தில் ஏறிச் செத்துப்போனார். அதற்குப் பிறகு ஆறு வருசம் சென்றுதான் 2018இல் அந்த நாட்டுச் சனம் வாக்களித்து, கருக்கலைப்பைத் தடுத்த அரசியலமைப்பை மாற்றியது.

கனடாவில் உயர் நீதிமன்றம் 1988 ஜனவரியில் கருக்கலைப்பைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவைத் தூக்கி எறிந்தது. என்னோடு வேலை செய்கிற ஒருத்திக்கு இதே நடந்தபோது டொக்டர் கேட்டது ஒன்றுதான்: "பார்த்துக்கொண்டு இருக்கப் போறீங்களா, இன்றைக்கே முடிக்கவா?" அன்று கார் நிறுத்தக் கட்டிய காசைச் சொல்லி அவள் இன்றும் வயிறெரிவாள், அது வேறு விசயம்.

காலை ஏழரைக்குப் பெரிய டொக்டர் வந்தார். நின்றபடியே அட்டையைப் பார்த்தார். இன்னொரு விசேட நிபுணருக்குப் போன் எடுத்தார், இரண்டு நிமிசம் இல்லை. "கிருமி பிடிச்ச பிறகு உயிரைக் காப்பாற்ற ஓடுறதை விட, பிடிக்க முதல் காப்பாற்றுறது சுகம்" என்று சொல்லி இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வைத்தார். இரவு இருந்த அதே சட்டம், அதே 303. அந்த இளம் டொக்டரை நான் திட்டியது பிழையோ என்றுகூடத் தோன்றியது; வேலைக்கு வந்து எத்தனை மாதமோ, மறியலுக்குப் போகிற வயதா அது? ஆனாலும் பெரியவர் அன்று லீவில் நின்றிருந்தால் என்ற நினைப்பு இன்னும் விடவில்லை.

மாலைக்குள் எல்லாம் முடிந்தது. அடுத்த நாள் துண்டு வெட்டி வீட்டுக்கு விட்டார்கள். பழக்கதோசத்தில் காசு எங்கே கட்டுவது என்று கேட்டேன், வாசல் காவலாளி என்னை விநோதமாகப் பார்த்தார்.

படியில் இறங்கும்போது அந்த இரவு நேர்ஸ் வேலைக்கு ஏறி வந்துகொண்டிருந்தது. என்னைக் கண்டதும் ஒதுங்கிப் போகும் என்று நினைத்தேன். கிட்ட வந்து மெல்லக் கேட்டது:

"கடைசியில காய்ச்சல் வந்ததோ அம்மா?"

"இல்லைப் பிள்ளை."

"நல்லகாலம்" என்று சொல்லிவிட்டு மேலே ஏறியது.