வீட்டில் ஒருவருக்கு மனநலம் திடீரென்று மோசமானால் 108-ஐக் கூப்பிடலாமா?

கூப்பிடலாம். யோசிக்காமல் கூப்பிடலாம். நெஞ்சுவலி, விபத்து, பிரசவம் இதற்கெல்லாம்தான் 108 என்று நினைத்துக்கொண்டு, வீட்டில் ஒருவர் நிலைகுலைந்து நிற்கும்போது முதலில் பூசாரிக்கும், அப்புறம் தெருவில் வாட்டசாட்டமாக இருக்கிற பையன்களுக்கும், கடைசியில் போலீஸ் ஸ்டேஷனுக்கும் ஃபோன் போடுகிற குடும்பங்களை நிறையப் பார்த்தாயிற்று, அதனால்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எங்களுக்கு வந்த 108 வண்டிக்கும் அதில் இருந்த இரண்டு பேருக்கும் ஐந்துக்கு ஐந்து. அந்த வண்டி கொண்டுபோய் இறக்கிவிட்ட கேஷுவாலிட்டிக்கு ஐந்துக்கு இரண்டு, அந்த இரண்டும் ஒரே ஒரு நர்ஸுக்காக.

என் சித்தப்பாவுக்கு பைபோலார், மனநிலை அளவுக்கு மீறி ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிற நோய். மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டால் பாங்க் வேலை, ரேஷன் கடை, பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் எல்லாம் அவர்தான். நிறுத்தினால் முதலில் தூக்கம் போகும், பிறகு பேச்சு நிற்காது. அந்த முறை பீரோவில் இருந்ததை எல்லாம் வாரிக்கொண்டுவந்து தெருவில் போட்டு, போகிறவர் வருகிறவரை எல்லாம் எடுத்துக்கொள்ளச் சொல்லிக்கொண்டிருந்தார். பட்டுப்புடவை, பத்திரம், குக்கர் மூடி. தடுக்கப் போன சித்தியைத் தள்ளிவிட்டார். கூட்டம் கூடிவிட்டது, அதில் பாதிப் பேர் கையில் செல்ஃபோன்.

108-இல் எடுத்தவர் கேட்டது இவ்வளவுதான்: இடம் எங்கே, அடிபட்டிருக்கிறதா, கையில் கத்தி கம்பு எதுவும் இருக்கிறதா. என் தம்பி இதில் கெட்டிக்காரன். "வயலண்டா இருக்கார், சீக்கிரம் வாங்க" என்று கத்தாமல், ஏற்கெனவே மனநல வைத்தியத்தில் இருப்பவர், லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர், சில நாளாக நிறுத்திவிட்டார், கையில் எதுவும் இல்லை, சத்தத்துக்குப் பயப்படுவார், சைரன் வேண்டாம் என்று வரிசையாகச் சொன்னான். நீங்கள் கூப்பிட நேர்ந்தால் இப்படியே சொல்லுங்கள். "வயலண்ட்" என்ற ஒரு வார்த்தை போதும், வருகிறவர்கள் மல்லுக்கட்டத் தயாராகத்தான் வருவார்கள்.

வண்டி தெருமுனையிலேயே சைரனை நிறுத்திவிட்டது. இறங்கி வந்த ஈஎம்டி (வண்டியில் வருகிற அவசர மருத்துவ உதவியாளர்) சின்னப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. வந்ததும் சித்தப்பாவிடம் போகவில்லை. நேராகக் கூட்டத்திடம் போய், "அண்ணே, உங்க வீட்டு ஆளை இப்படி எடுத்தா விடுவீங்களா, கொஞ்சம் உள்ள போங்க" என்றார். செல்ஃபோன்கள் இறங்கின. அப்புறம்தான் செருப்பைக் கழற்றிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். சித்தப்பா நின்றுகொண்டிருக்கிறார், இவர் கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துப் பேசுகிறார். இதை யாராவது சொல்லிக்கொடுத்தார்களா, தானாக வந்ததா தெரியாது, ஆனால் சித்தப்பாவின் குரல் அப்போதே ஒரு கட்டை இறங்கியது.

"ஐயா, இந்த டிரான்சிஸ்டரையும் குடுத்துருவீங்களா?"

"அதை மட்டும் தரமாட்டேன். எங்கப்பா வாங்கினது."

"பாடுமா?"

பாடும் என்று காட்டுவதற்காகச் சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்தார். ஸ்டேஷன் எதுவும் சரியாக எடுக்கவில்லை, இரைச்சல்தான், ஆனாலும் அந்தப் பெண் கேட்டுக்கொண்டே தூங்கி எத்தனை நாளாச்சு, சாப்பிட்டீங்களா, தலை சுத்துதா என்று ஒவ்வொன்றாக விசாரித்துவிட்டார். "பி.பி. பார்த்துக்கலாமா? வேண்டாம்னா விட்டுடறேன்" என்றதும் கையை அவரே நீட்டினார். பைலட் (108 வண்டி டிரைவரை அப்படித்தான் சொல்வார்கள்) இதற்கெல்லாம் குறுக்கே வரவில்லை, வண்டிப் பக்கத்திலேயே நின்றார். ஸ்ட்ரெச்சரில் படுக்க மாட்டேன் என்றதற்கு, சரி உட்கார்ந்தே வாங்க என்று பக்கத்து இருக்கையில் உட்காரவைத்து பெல்ட் போட்டார்கள். டிரான்சிஸ்டரும் கூடவே ஏறியது. நேரம் பிடித்தது, உண்மைதான். நாலு பேர் சேர்ந்து தூக்கியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்கும்.

அப்படித் தூக்கிய அனுபவமும் எங்களுக்கு உண்டு. சில வருஷம் முன்னால் பணம் கட்டிக் கூப்பிட்ட ஒரு தனியார் வண்டிக்காரர்கள் (பெயர் வேண்டாம்) அவர் வேட்டியாலேயே கையைக் கட்டித் தூக்கிப்போனார்கள். மணிக்கட்டுத் தழும்பு மறைந்துவிட்டது, வெள்ளை வேனைப் பார்த்தால் வீட்டுக்குள் ஓடுகிற பழக்கம் மட்டும் ரொம்ப நாள் இருந்தது. இந்த முறை அவராக ஏறினார் என்பது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று இப்போது புரிந்திருக்கும்.

இது ஏதோ அந்தப் பெண்ணின் நல்ல மனசு என்று விட்டுவிட எனக்கு இஷ்டமில்லை, ஏனென்றால் சட்டமே இதைத்தான் சொல்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இல் போட்டது, 2018 மே மாதம் அமலுக்கு வந்தது. அதன் 21-ஆவது பிரிவு, உடல் நோயாளிக்கு எப்படி ஆம்புலன்ஸ் வருகிறதோ அதே விதமாக, அதே அளவில், அதே தரத்தில் மனநோயாளிக்கும் வரவேண்டும் என்கிறது. 94-ஆவது பிரிவின்படி உயிருக்கு ஆபத்து, அடுத்தவருக்கு ஆபத்து என்கிற நெருக்கடியில் எந்தப் பதிவுபெற்ற டாக்டரும் முதல் சிகிச்சை கொடுக்கலாம், 72 மணி நேரம் வரை. "இதுக்கு மனநல டாக்டர்தான் வரணும், நாளைக்கு வாங்க" என்று கேஷுவாலிட்டியில் கைகழுவ முடியாது. தெருவில் அலைகிற ஒருவரைப் போலீஸ் பாதுகாப்பில் எடுத்தால் 24 மணி நேரத்துக்குள் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், லாக்கப்பில் வைக்கவே கூடாது, இது 100-ஆவது பிரிவு. ஸ்டேஷன் வாசலில் நிற்க நேர்ந்தால் அந்த எண்ணைச் சொல்லுங்கள்.

தற்கொலை முயற்சி என்றால் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து 108-ஐயே கூப்பிடாமல், தெரிந்த கிளினிக்கில் கதவைச் சாத்திக்கொண்டு வைத்தியம் பார்த்து நேரத்தைக் கோட்டைவிட்டவர்கள் இருக்கிறார்கள். அதே மனநலச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், வழக்கு நடத்தித் தண்டிக்கக் கூடாது என்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவும் 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் இல்லை. அரசு ஊழியரை நிர்ப்பந்திப்பதற்காக முயல்வதை மட்டும் தனிக் குற்றமாக வைத்திருக்கிறார்கள். கேஷுவாலிட்டியில் குறிப்பு எழுதுவார்கள், போலீஸ்காரர் வந்து கேட்டுவிட்டுப் போவார், அவ்வளவுதான். உயிர் முக்கியம், கூப்பிடுங்கள்.

சரி, அந்த ஐந்துக்கு இரண்டு. உள்ளே போனதும் வாசல் செக்யூரிட்டி கேட்ட முதல் கேள்வி "பார்ட்டி வயலண்டா?" சித்தப்பா காதில் விழ. அதுவரை டிரான்சிஸ்டரைத் திருகிக்கொண்டிருந்தவர் எழுந்துவிட்டார். உடனே இரண்டு பேர் கையை முறுக்கிப் பிடித்தார்கள். டியூட்டி டாக்டர் அவர் தலைக்கு மேலேயே எங்களிடம் பேசினார், அவரிடம் ஒரு வார்த்தை இல்லை. கட்டிப்போட்டு வையுங்கள், மனநல டாக்டர் காலையில் பார்ப்பார் என்று ஒருவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். கட்டுவதற்கும் விதி இருக்கிறது: உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லையென்றால் மட்டும், மனநல மருத்துவர் அனுமதித்தால் மட்டும். சங்கிலி முழுவதுமாகத் தடை. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகிச் செத்த மாநிலம் இது. எங்களுக்கு இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டுமா என்ன.

அந்த நர்ஸ்தான் காப்பாற்றினார். மாவுக்கட்டுப் போடுகிற அறை அப்போது காலி, அங்கே டியூப்லைட்டை அணைத்து, சித்தியை மட்டும் உள்ளே விட்டு, கதவைப் பாதி சாத்தினார். "ஐயா, தூக்கத்துக்கு மாத்திரை வேணுமா, ஊசி வேணுமா, நீங்களே சொல்லுங்க." மாத்திரை என்றார். ஊசியோடு நின்ற ஆள் திரும்பிப் போனார். இதற்குப் புதுக் கட்டடமும் தேவையில்லை, பட்ஜெட்டும் தேவையில்லை.

வெளிநாட்டில் இதையே ஒரு ஏற்பாடாகச் செய்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்தில் மனநோயாளி ஒருவர் போலீஸ் சுட்டு இறந்த பிறகு, 1988 முதல் போலீஸ்காரர்களுக்கே நாற்பது மணி நேரப் பயிற்சி. ஆரிகன் மாநிலத்து யூஜீனில் 1989-இல் இருந்து கஹூட்ஸ் என்ற வேன், அதில் துப்பாக்கி கிடையாது, ஒரு மருத்துவ உதவியாளரும் ஒரு நெருக்கடி ஆலோசகரும் மட்டும். உலகமே பாராட்டியது, கடைசியில் காசில்லாமல் 2025-இல் அந்த ஊரிலேயே நின்றுபோனது. பாராட்டினால் மட்டும் வண்டி ஓடாது போல.

அடுத்து 14416. மத்திய அரசின் டெலிமானஸ், 2022 அக்டோபர் 10, உலக மனநல தினத்தன்று தொடங்கியது, பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை ஒருங்கிணைக்கிறது, இலவசம், 24 மணி நேரமும், தமிழில் பேசலாம். இது பேசுவதற்கான எண். ஆள் கைமீறிப் போகிற கட்டத்தில் முதலில் 108, அப்புறம் இது. எங்கள் வீட்டில் இதை அதிகம் பயன்படுத்தியது சித்தி. தள்ளிவிடப்பட்டவருக்கும் யாராவது வேண்டுமே. ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு கூப்பிட்டார், எடுத்தவர் அழுது முடிகிறவரை விட்டுவிட்டு அப்புறம்தான் பேசினாராம். ஐந்துக்கு நாலரை, அரை மதிப்பெண் குறைத்தது மெனு அறிவிப்புக்கு. அழுதுகொண்டிருப்பவரை ஒன்றை அழுத்து இரண்டை அழுத்து என்று சொல்லக்கூடாது. தற்கொலை எண்ணம் என்றால் சென்னையில் சிநேகா இருக்கிறது, 1986-இல் இருந்து தன்னார்வலர்களே நடத்துகிறார்கள், எண் 044-24640050.

ஒன்றைத் தவிர்க்கச் சொல்வேன். "மறுவாழ்வு மையம், நாங்களே வீட்டுக்கு வந்து பிக்கப் செய்துகொள்வோம்" என்று சுவரொட்டியில் எண் போட்டிருப்பார்கள். குடிக்கு, மனநோய்க்கு, எல்லாவற்றுக்கும் ஒரே ஆட்கள், ஒரே கயிறு. மனநல நிறுவனம் நடத்த மாநில மனநல ஆணையத்தில் பதிவு வேண்டும். ஃபோனிலேயே பதிவு எண்ணைக் கேளுங்கள், அழைத்துப்போக வருகிறவர் நர்ஸா, மருத்துவ உதவியாளரா என்று கேளுங்கள். "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம், அட்வான்ஸ் மட்டும் போடுங்க" என்றால் ஃபோனை வைத்துவிட்டு 108 போடுங்கள்.