இந்த நிறுவனத்தின் கார் இனி வேண்டாம்: இரண்டு வண்டிகள் ஓட்டிப் பார்த்த பிறகு

எங்கள் குடும்பத்தில் கார் வாங்கும் பேச்சு எழுந்தால், எதை வாங்கக் கூடாது என்பதில்தான் முதலில் தீர்ப்பு வரும். காரைக்குடியில் தன்னுடைய மெக்கானிக் கை வைக்க முடியாத வண்டி எதையும் அப்பா ஏற்றுக்கொள்ள மாட்டார். பாதுகாப்புச் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்காத வண்டி என்றால் மச்சான் ஷோரூம் பக்கமே வர மாட்டார். வாடகைக் கார் ஓட்டும் பக்கத்து வீட்டு அண்ணனைக் கேட்டால், இன்னோவாவைத் தவிர மற்ற எல்லாவற்றையும் "அது மூன்று வருஷ வண்டி, தம்பி" என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவார்.

இந்த மூன்று பேருடைய காரணங்களிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் என் பட்டியலை முடிவு செய்தது வேறொன்று. 2011-இல் வாங்கிய ஃபோர்டு ஃபிகோ டீசல் இன்றும் ஊரில் அப்பாவிடம் ஓடிக்கொண்டிருக்கிறது. 2016-இல் சென்னையில் என் உபயோகத்துக்காக ஓர் ஆட்டோமேட்டிக் கார் வாங்கினேன். இந்த இரண்டு வண்டிகளோடு கழிந்த காலம்தான் எனக்கு அளவுகோல்.

ஆட்டோமேட்டிக் காரைச் செய்த நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. பெயரைச் சொன்னால், படிப்பவர்கள் அந்த ஒரு சின்னத்தை மட்டும் தவிர்த்துவிட்டு, அதே கோளாறை வேறொரு சின்னத்தோடு வீட்டுக்குக் கொண்டுவர வாய்ப்பிருக்கிறது.

முதலில் அதன் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அதில் இருந்தது உலர் வகை இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ். விழுப்புரம் தாண்டித் திருச்சி வரை நான்குவழிச் சாலையில் அதை ஓட்டுவது தனி இன்பம். கியர் மாறுவதே தெரியாது. லாரியை முந்த மிதித்தால், மிதித்த கணத்தில் பாயும். பின்சீட்டில் அம்மா நிம்மதியாகத் தூங்கிவிடுவார். ஓட்டும் சுகத்துக்கு மட்டும் மதிப்பெண் போடுவதாக இருந்தால், இன்றும் அந்த வண்டிக்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

அந்த சுகம் எங்கிருந்து வந்ததோ, தொல்லையும் அங்கிருந்தே வந்தது. இந்த வகை கியர்பாக்ஸில் 1, 3, 5, 7 ஆகிய கியர்களுக்கு ஒரு கிளட்ச். 2, 4, 6-க்கு இன்னொன்று. ஒரு கியரில் வண்டி ஓடும்போதே அடுத்த கியர் தயாராக விழுந்திருக்கும். சில பெட்டிகளில் கிளட்ச் தட்டுகள் எண்ணெயில் மூழ்கியிருக்கும். சூட்டை எண்ணெய் வாங்கிக்கொள்ளும். சிறிய கார்களில் எடையையும் விலையையும் குறைக்கவும், மைலேஜைக் கூட்டவும் எண்ணெய் இல்லாத உலர் வகையைப் பொருத்தினார்கள். அதில் சூட்டைத் தணிக்கக் காற்றைத் தவிர வேறு எதுவும் இல்லை. வண்டி ஊர்ந்து நகரும்போது கிளட்ச் முழுவதும் பிடிக்கவும் முடியாது, விடவும் முடியாது. பாதிப் பிடியில் உரசிக்கொண்டே இருக்கும்.

தாம்பரத்திலிருந்து பரனூர் சுங்கச்சாவடி வரை, மே மாத விடுமுறைக் கூட்டத்தில் போனவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. பெருங்களத்தூரில் பஸ்கள் இரண்டு வரிசையாக நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருக்கும். பத்தடி நகர்வது, நிற்பது, மறுபடி பத்தடி. அப்படி ஒரு மதியம்தான் முதல் நடுக்கம் வந்தது. ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும் இடத்தில் ஸ்டியரிங் வழியாக உள்ளங்கைக்கு ஒரு படபடப்பு ஏறியது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி ஒரு நொடி யோசித்தது. பிறகு முன்னால் இருந்த ஆட்டோவை முட்டிவிடும் வேகத்தில் துள்ளியது. மீட்டருக்கு நடுவில் கியர் எண் விட்டுவிட்டு எரிய ஆரம்பித்தது. கியர்பாக்ஸ் சூடாகிவிட்டது, வண்டியை ஓரம் கட்டுங்கள் என்று எச்சரிக்கை வந்தது. ஓரம் கட்டிப் பானட்டைத் திறந்தபோது, கிளட்ச் தேயும் அந்தக் கருகல் நாற்றம் கதவடியிலேயே நின்றது. அம்மாவை நிழல் பார்த்து உட்காரவைத்துவிட்டு, சூடு இறங்கும்வரை காத்திருந்து கிளம்பினோம்.

கோளாறு வந்ததற்காக நான் அந்த நிறுவனத்தை வெறுக்கவில்லை. இயந்திரம் என்றால் கெடும். சர்வீஸ் சென்டரில் நடந்ததுதான் இன்றுவரை ஆறவில்லை. காலை வேளையில், ஆள் நடமாட்டம் இல்லாத பின்தெருவில் ஓட்டிப் பார்த்துவிட்டு "எல்லாம் நார்மல் சார்" என்றார்கள். மறுபடி நடுங்கியது, சாஃப்ட்வேர் மாற்றினோம் என்றார்கள். மூன்றாவது முறை சர்வீஸ் அட்வைசர் மிக மரியாதையாகச் சொன்னார்: "நீங்கள் பிரேக்கில் கால் வைத்து வைத்து எடுக்கிறீர்கள் சார். அப்படி ஓட்டினால் எந்த வண்டியும் தாங்காது." நெரிசலில் பிரேக்கை மிதிக்காமல் ஓட்டுவது எப்படி என்று கேட்டேன். அதற்கு அவரிடம் பதில் இல்லை. வண்டிக்குச் செய்த வேலைகளைக் குறிக்கும் ஜாப் கார்டில் 'வாடிக்கையாளருக்கு ஓட்டும் முறை விளக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினார். நான் கையெழுத்துப் போடவில்லை.

என் ஓட்டும் முறையைப் பற்றி எனக்கே சந்தேகம் வந்த நாட்கள் அவை. 2018 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு தீர்ப்பைப் படித்தபோதுதான் மனம் தெளிந்தது. அங்கே ஃபோர்டு நிறுவனத்துக்கு ஃபெடரல் நீதிமன்றம் 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. ஃபோகஸ், ஃபியஸ்டா, இகோஸ்போர்ட் கார்களில் இருந்த பவர்ஷிஃப்ட் என்ற இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் பற்றி வந்த புகார்களைக் கையாண்ட விதத்துக்காகத்தான் அந்தத் தண்டனை. நடுக்கம் என்பது தரக் குறைபாட்டின் அறிகுறி என்று நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தும், வாடிக்கையாளர்கள் பலரிடம் அவர்கள் ஓட்டும் முறையே காரணம் என்று சொல்லியிருக்கிறார்கள். எனக்குச் சொன்ன அதே வாசகம், வேறொரு கண்டத்தில், வேறொரு மொழியில்.

ஃபோக்ஸ்வாகனின் கதையையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். டிஎஸ்ஜி என்ற அதன் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் பற்றிச் சீனாவில் புகார்கள் குவிந்தன. 2013 மார்ச்சில் அந்த நாட்டின் அரசுத் தொலைக்காட்சி நுகர்வோர் உரிமை நாள் நிகழ்ச்சியில் அதை அம்பலப்படுத்தியது. சில நாட்களிலேயே 3.84 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. பெரிய சந்தை, உரத்த குரல் என்றால் காரியம் நடக்கிறது. தனி ஆளாக ஜாப் கார்டோடு நிற்பவனுக்கு நடப்பதில்லை. நம் நாட்டில் குறைபாடுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி உத்தரவிட அரசுக்கு 2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் அதிகாரம் தந்திருக்கிறது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன. ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு அவை பொருந்தும். என்னைப் போன்றவர்கள் இதைத் தெரிந்துகொண்டு புகாரை எழுத்தில் பதிய வேண்டும், வாய்ப்பேச்சுக்கு மதிப்பில்லை.

வாரண்டிக் காலத்துக்குள் கிளட்ச் தொகுதியை ஒருமுறை மாற்றித் தந்தார்கள். வாரண்டி முடிந்த பிறகு, கியரை இயக்கும் மின்னணு-ஹைட்ராலிக் பாகம் போனது. எஸ்டிமேட் இரண்டு லட்சத்தைத் தாண்டியது. உள்ளே கெட்டுப்போன பகுதியை மட்டும் மாற்ற முடியாதா என்று கேட்டால், முழுத் தொகுதியாகத்தான் வரும் என்றார்கள். வெளியில் நல்ல பெயர் வாங்கிய இரண்டு பட்டறைகளில் விசாரித்தேன். அந்தப் பெட்டியைப் பிரிக்கத் தனி டூல் வேண்டும், பிறகு கம்ப்யூட்டரில் அளவு செய்ய வேண்டும், எங்களிடம் இரண்டும் இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். வந்த விலைக்கு வண்டியைக் கொடுத்துவிட்டேன். வாங்கியவரிடம் எல்லாப் பில்களையும் காட்டி, கோளாறையும் சொல்லித்தான் கொடுத்தேன்.

இனி ஃபிகோ. 1.4 லிட்டர் டீசல், 69 குதிரைத்திறன், கையால் மாற்றும் ஐந்து கியர். கிளட்ச் பிளேட் ஒருமுறை, சஸ்பென்ஷன் புஷ்கள், பேட்டரிகள், டயர்கள், டைமிங் பெல்ட் என்று வயதுக்கு உரிய செலவுகள் மட்டுமே வந்தன. பிள்ளையார்பட்டிக்கும் திருப்பத்தூருக்கும் அப்பா அதில்தான் போய்வருகிறார். திருப்பங்களில் அதன் ஸ்டியரிங் தரும் நம்பிக்கை, அதைவிட இரண்டு மடங்கு விலையுள்ள வண்டிகள் பலவற்றில் எனக்குக் கிடைத்ததில்லை.

ஆஸ்திரேலியாவில் தண்டனை பெற்ற அதே நிறுவனத்தின் வண்டிதான் இது என்பது எனக்கு முக்கியமான பாடம். கியர்பாக்ஸ் ஒன்று மாறினால் அனுபவமே தலைகீழாகிறது. ஆகவே 'அந்தக் கம்பெனியே மோசம்' என்று முழுவதையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கி எறிவதில் எனக்கு உடன்பாடில்லை. எந்த மாடல், எந்த இன்ஜின், எந்த கியர்பாக்ஸ், எந்த ஆண்டு என்று பார்த்துத்தான் ஒதுக்க வேண்டும்.

நிறுவனம் நாட்டைவிட்டே போய்விடுமோ என்ற பயம் பலருக்கு இருக்கிறது. அது நியாயமான பயம். செவ்ரோலே 2017-இல் விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. மறைமலைநகர்த் தொழிற்சாலை அடுத்த ஆண்டு ஓய்ந்தது. டாட்சன் 2022-இல் மறைந்தது. ஃபோர்டின் அறிவிப்பு வந்த மறுநாளே அப்பாவின் மெக்கானிக்கிடம் ஓடினேன். "டீசல் ஃபிகோ ஊர் முழுக்க ஓடுகிறது தம்பி, சாமான் கிடைக்காமல் போகாது" என்றார். இன்றுவரை அவர் சொன்னது பலிக்கிறது. ஆயிரக்கணக்கில் விற்ற எளிய வண்டிக்கும், அபூர்வமாக விற்ற சிக்கலான வண்டிக்கும் இந்த இடத்தில் பெரிய வித்தியாசம் உண்டு.

ஃபியட்டின் கதை இதைவிடத் தெளிவானது. அதன் 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் இன்ஜினை மாருதி ஸ்விஃப்டில் போட்டபோது ஜனங்கள் மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கினார்கள். டாடாவும் அதைப் போட்டு விற்றது. அதே இன்ஜினோடு ஃபியட் தன் சொந்தப் பெயரில் கொண்டுவந்த புன்டோவை வாங்க ஆளில்லை. கட்டுமானத்தில் புன்டோ ஒரு கோட்டை. அதை ஓட்டியவர்கள் இன்றும் பெருமையாகப் பேசுவார்கள். ஆனால் சர்வீஸுக்கு எங்கே போவது என்ற கேள்விக்கு ஊர்ப்புறத்தில் பதில் இல்லை. காரைக்குடியிலிருந்து மதுரைக்கோ திருச்சிக்கோ ஏறத்தாழ 90 கிலோமீட்டர். ஒரு சென்சாருக்காக அவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போக யாரும் தயாராக இல்லை.

மாருதியை 'தகரம்' என்று ஒதுக்குபவர்களோடு நான் பாதி உடன்படுகிறேன். 2014 ஜனவரியில் கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்சிஏபி அமைப்பு வெளியிட்ட முதல் இந்தியச் சோதனையில் ஆல்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ ஆகிய ஐந்தின் அடிப்படை மாடல்களும் பூஜ்ஜியம் வாங்கின. எங்கள் ஃபிகோவும் அந்தப் பட்டியலில் இருந்தது. ஆனால் அந்த அறிக்கையை முழுதாகப் படிக்க வேண்டும். ஃபிகோ, போலோ இரண்டின் உடற்கூடும் நிலையாக நின்றன; ஏர்பேக் இல்லாததுதான் குறை. மற்ற மூன்றின் கூடுமே தாங்கவில்லை. ஃபோக்ஸ்வாகன் ஏர்பேக் இல்லாத போலோவை விலக்கிக்கொண்டு, இரண்டு ஏர்பேக்குகளோடு மறுசோதனைக்கு நிறுத்தி நான்கு நட்சத்திரம் வாங்கியது. கியர்பாக்ஸ் விஷயத்தில் அந்த நிறுவனத்தின் மேல் எனக்கு வருத்தம் உண்டு. இந்த விஷயத்தில் மரியாதை உண்டு. 2020-இல்கூட எஸ்-பிரெஸ்ஸோவுக்குப் பூஜ்ஜியம் வாங்கிய மாருதி, 2024-இல் டிசையருக்கு ஐந்து நட்சத்திரம் வாங்கிக் காட்டியது. முடியும் என்றால் இத்தனை காலம் ஏன் செய்யவில்லை என்ற கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை. விலை மலிவு வண்டிகளில்தான் கைக்குழந்தைகளோடு குடும்பங்கள் போகின்றன.

இவ்வளவும் பார்த்த பிறகு என் மறுப்புப் பட்டியல் இதுதான். நெரிசலில் தினமும் ஓட்டுகிறவனாக, உலர் வகை இரட்டைக் கிளட்ச் உள்ள எந்த வண்டியும் வேண்டாம். எவ்வளவு பெரிய பெயர் ஆனாலும் சரி. அப்பா இருக்கும் ஊரிலோ பக்கத்து ஊரிலோ சர்வீஸ் இல்லாத நிறுவனம் வேண்டாம். சோதனையில் உடற்கூடு நிலையற்றது என்று முடிவு வந்த மாடல் வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, தெரிந்த குறையை வாடிக்கையாளரின் காலின் மேல் போடும் நிறுவனம் வேண்டவே வேண்டாம். முதல் மூன்றில் பேரம் பேச இடமுண்டு. நான்காவதில் இல்லை.

அடுத்த காருக்காக ஷோரூம்களுக்குப் போனபோது, எல்லா இடத்திலும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: வாரண்டி முடிந்த பிறகு கியர்பாக்ஸில் கோளாறு வந்தால் இங்கேயே பிரித்துச் சரிசெய்வீர்களா, முழுதாக மாற்றச் சொல்வீர்களா, இன்றைய விலை என்ன? பெரும்பாலான இடங்களில் விற்பனைப் பிரதிநிதி சிரித்துவிட்டு வாரண்டி நீட்டிப்புத் திட்டத்தின் தாளை நீட்டினார். ஓரிடத்தில் மட்டும் சர்வீஸ் மேலாளரையே கூப்பிட்டார்கள். அவர் உதிரிபாக விலைப் பட்டியலைத் திரையில் திறந்து, டார்க் கன்வெர்ட்டர் வகைப் பெட்டியில் (உரசும் கிளட்சுக்குப் பதிலாக எண்ணெய் வழியாக விசையைக் கடத்தும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) எந்தப் பாகம் தனியாகக் கிடைக்கும், எது கிடைக்காது, எதற்கு எவ்வளவு என்று வரிவரியாகக் காட்டினார். கிடைக்காதவற்றையும் மறைக்கவில்லை. அங்கேயே முன்பணம் கட்டினேன். மச்சான் கேட்ட ஐந்து நட்சத்திரமும் அதற்கு இருக்கிறது, காரைக்குடியில் சர்வீஸும் இருக்கிறது. வாரண்டி முடிந்த பிறகு அதைப் பற்றி எழுதுகிறேன். அதற்கு முன் எந்த வண்டிக்கும் சான்றிதழ் கொடுப்பதாக இல்லை.