ஜாமுலஸ்: ஆளுக்கொரு ஊரிலிருந்து கூடி மெட்டுப் போட ஒத்துவருமா?

வீடியோ அழைப்பில் சேர்ந்து பாடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒருவர் முடித்த பிறகுதான் அடுத்தவர் வாயைத் திறக்க முடியும். இணையம் வழியே ஒரே நேரத்தில் சேர்ந்து பாட, வாசிக்க உதவும் ஜாமுலஸ் அதை ஓரளவு தீர்க்கிறது. ஃபோல்கர் ஃபிஷர் 2006-இல் தொடங்கிய கட்டற்ற மென்பொருள், காசு கிடையாது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

எல்லோருடைய ஒலியும் ஒரு சர்வருக்குப் போய், கலந்து, திரும்பி வருகிறது. உங்கள் குரலையும் அப்படித் திரும்பி வரும் ஒலியாகவே கேட்க வேண்டும். எரிச்சலாக இருக்கிறதென்று தன் ஃபேடரை (ஒலி அளவுப் பட்டையை) இறக்கிவிட்டு நேரடிக் குரலைக் கேட்டுப் பாடுகிறவர் தன் காதுக்குத் தாளத்தில் இருப்பார், மற்றவர் காதுக்குப் பின்தங்குவார். அவருக்காகக் குழு இழுக்கும், குழுவுக்காக அவர் இன்னும் இழுப்பார். நாலு ஆவர்த்தனத்தில் (தாளச் சுற்றில்) பாட்டு ஊரத் தொடங்கிவிடும். மென்பொருள்மேல் விழும் திட்டில் பாதி இதனால்தான்.

ஜாமுலஸ் திரையில் தாமதத்தைக் காட்டும் விளக்கு உண்டு: மொத்தத் தாமதம் 43 மில்லிசெகண்ட் வரை பச்சை, 68 வரை மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு. நிமிடத்துக்கு 120 தாள அடி வேகத்தில் ஓர் அடியின் கால் பங்கே 125 மில்லிசெகண்ட்தான். 60 மில்லிசெகண்ட் தாமதமென்றால் மிருதங்கத்தின் வேகச் சொற்கள் குழைந்துவிடும். மெதுவான விளம்ப காலப் பாட்டு தாங்கும். தாளம் தட்டும் மெட்ரோனோம் உள்ளே இல்லை. தாமதம் மிகக் குறைந்தவரிடம் தாளத்தைக் கொடுங்கள், அவர் யாரையும் பின்தொடரக் கூடாது.

வைஃபை வேண்டாம், லேன் கேபிள் போடுங்கள். ஒலியைச் சுமந்து வரும் சிறு தரவுத் துண்டுகள் (பாக்கெட்டுகள்) சீரற்று வருவதால்தான் கரகரப்பு. இணைய வேகம் கூடினால் அது போகாது. அந்தச் சீரின்மையைச் சமாளிக்கத் துண்டுகளைச் சற்றுத் தேக்கி வைக்கும் ஜிட்டர் பஃபரை முதலில் ஆட்டோவில் விடுங்கள், கரகரத்தால் கையால் ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். கணினி ஒலியை ஒரு தடவைக்கு எவ்வளவு எடுத்துக் கையாள்கிறது என்ற ஆடியோ பஃபர் 128 சாம்பிள் போதும் (48 கிலோஹெர்ட்ஸில் 2.67 மில்லிசெகண்ட்), கணினி திணறினால் 256. விண்டோஸில், மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸுக்குச் சொந்த ஏசியோ டிரைவர் (தாமதத்தைக் குறைக்கும் இயக்கி) இருந்தால் அதையே போடுங்கள். புளூடூத் ஹெட்செட் இத்தனை உழைப்பையும் வீணாக்கும். ஸ்பீக்கரில் கேட்டால் எல்லோர் குரலும் உங்கள் மைக் வழியே மறுபடி உள்ளே போகும்.

மெட்டமைக்கிறவர்களுக்கு உண்மையான லாபம் சர்வர் பதிவுதான். ஒவ்வொருவர் ஒலியும் தனித்தனி வேவ் கோப்பாகும், ரீப்பர் என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில் திறக்கும் புராஜெக்ட் கோப்பும் கூடவே வரும். யாரோ முணுமுணுத்த பல்லவி தொலையாது, யார் போட்டது என்ற சண்டையும் இல்லை. ஆனால் கோப்பு சர்வரை நடத்துபவரிடம்தான் இருக்கும். பொது சர்வரில் முன்பின் தெரியாதவரும் நுழையலாம். புது மெட்டுக்குச் சொந்த சர்வரே நல்லது: ரவுட்டரில் யூடிபி போர்ட் (இணைப்பு வாசல்) 22124-ஐத் திறந்தால் போதும். இணைய நிறுவனம் தனி பொது ஐபி (வெளியிலிருந்து அடையக்கூடிய இணைய முகவரி) தராவிட்டால் இது நடக்காது. எல்லோருக்கும் நடுவான இடத்தில் கிளவுட் சர்வர் எடுக்க வேண்டியிருக்கும்.

சுரக்குறிப்பு பகிர வசதியில்லை, சாட் மட்டுமே. கைபேசி மட்டும் வைத்திருப்பவர்களை நம்பிக் கூட்டு இசைக்குழு தொடங்கினால் பாதிப்பேர் வெளியேதான் நிற்பார்கள். அவர்களிடம் பதிவை அனுப்பி, வரியும் குரலும் தனியே வாங்கிச் சேர்ப்பதுதான் இப்போதைக்கு வழி.