சோங்சிங்கில் தெருவில் விற்கும் 'ஒரு நாள் டூர்' வாங்காதீர்கள்

சீனாவின் சோங்சிங் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். போன மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் ஏமாந்து வந்தேன்.

இரவில் ஆற்றங்கரையில் அடுக்கடுக்காக நிற்கும் ஹோங்யாதோங் கட்டடத்தின் விளக்கொளியைப் பார்த்துக்கொண்டு நின்றபோது ஒரு பெண் நீல நிற ஆல்பத்தோடு வந்தார். வூலோங் என்ற இடத்தில் பாறை வளைவுகளாக இருக்கும் மூன்று இயற்கைப் பாலங்கள், திரும்பி வந்ததும் யாங்சி ஆற்றின் மேல் ரோப் கார், வரிசையில் நிற்கவே வேண்டாம், நுழைவுக் கட்டணமும் சேர்த்து இரண்டு பேருக்கு 700 யுவான் என்று போனில் மொழிபெயர்த்துக் காட்டினார். அம்மாவுக்கு மூட்டு வலி. வரிசை இல்லை என்றதுமே மயங்கிவிட்டேன். க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பணம் கட்டினேன். ரசீது கேட்கவில்லை.

காலையில் சட்டையில் ஸ்டிக்கர் ஒட்டி பஸ்ஸில் ஏற்றினார்கள். பஸ் நேராக வூலோங் போகவில்லை. வழியில் ஒரு பச்சைக்கல் நகைக் கடைக்குள் ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். வெளியே போகலாம் என்று எழுந்தால், கதவருகே நின்றவர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். வூலோங்கில் நுழைவுக் கட்டணத்தைத் தனியாகக் கேட்டு வாங்கினார்கள். அங்கே லிப்டில் பள்ளத்தாக்குக்குள் இறங்கி, படிகளிலும் பாதையிலும் நெடுந்தூரம் நடக்க வேண்டும். மூன்று பாலங்களையும் நிதானமாகப் பார்க்க இரண்டு மணி நேரமாவது வேண்டும். எங்களுக்குக் கொடுத்தது ஐம்பது நிமிடம். முதல் பாலத்துக்குக் கீழே அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அதற்குள் கொடி பிடித்து எங்களைக் கூட்டிப்போன வழிகாட்டிப் பையன் கூப்பிட ஆரம்பித்துவிட்டான்.

ரோப் கார்? நேரமாகிவிட்டது என்று ஊருக்குள் ஒரு சாலையோரத்தில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள்.

ஹோட்டல் வரவேற்பில் இருந்த பெண் நல்லவர். எங்களுக்காக 12345 என்ற அரசு உதவி எண்ணில் பேசினார். யாரிடம் டிக்கெட் வாங்கினீர்கள், ரசீது எங்கே என்று கேட்டார்கள். பணம் போயிருந்தது ஒரு தனி ஆளின் கணக்குக்கு. அதோடு பேச்சு முடிந்தது.

மறுநாள் நாங்களாகவே கிளம்பினோம். ரோப் கார் கவுன்டரில் ஒரு வழிக்கு ஆளுக்கு 20 யுவான்தான். கட்டடத்துக்குள் ரயில் புகும் லீஸிபா நிலையத்துக்கு மெட்ரோவின் 2-ஆம் தடத்தில் சில யுவானில் போகலாம். கீழே சாலையில் நின்று பார்க்கக் காசே கிடையாது. ஹோங்யாதோங்குக்குள் போகவும் கட்டணம் இல்லை. வூலோங் மட்டும் தூரம், சுமார் மூன்று மணி நேரம். அதற்கு ஒரு முழு நாளை ஒதுக்கி, டிக்கெட்டை நீங்களே கவுன்டரில் வாங்குங்கள்.

"இன்னும் ரெண்டு பாலம் இருக்குன்னு சொன்னியேப்பா" என்று விமானத்தில் அம்மா கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.